ஏரிக்கரையும் மலைமுடியும்

புதுவை மாநிலத்தின் வில்லியனூர், பாகூர் ஆகிய கொம்யூன்களில் பிறந்து வளர்ந்தவர்க்கு மலை என்பது ஏட்டில் படித்தறியும் பொருளே ஆகும். கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை வயலும், வயலை அடுத்து வாய்க்காலும், வாய்க்காலுக்கு அப்பால் பனைவரிசையும், அதற்கும் அப்பால் ஒரு கோபுரமுமாக நிலம் பாய் விரித்தாற்போலக் கிடக்கும். எங்கள் ஊர்ப்புறத்தில் ஒருவன் உயரத்தில் நின்று உலகைப் பார்க்க விரும்பினால் ஏரிக்கரையில் ஏற வேண்டும். அல்லது வைக்கோற்போரில் ஏற வேண்டும். அல்லது மாடிவீட்டுக்காரர் ஒருவரின் நட்பைத் தேடிக்கொள்ள வேண்டும். யான் சிறுவனாய் இருந்த நாளில் மூன்றாவது வழி எளிதாக இருந்ததில்லை.

ஆதலால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சுற்றுலாவாகச் செஞ்சிக்குச் சென்று இராசகிரியின் அடிவாரத்தில் நிற்கும்போது அவர்கள் கால்கள் தரையில் பாவுவதில்லை. ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள அம்மலையை ஓட்டமும் நடையுமாக ஏறி, மூச்சு வாங்க முடியை அடைந்து, வியர்வையைத் துடைப்பதற்கும் முன்னே கைப்பேசியை எடுத்து நிழற்படம் பிடிக்கத் தொடங்குகின்றனர். கீழிறங்கி வந்தபின் அப்படங்களைப் பேருந்தில் ஒருவர்க்கொருவர் காட்டுகின்றனர். அப்போது நிகழ்வதை யான் பலமுறை கண்டிருக்கின்றேன். படத்தைக் காட்டுகின்றவன் முகத்தில் இருந்த ஒளி, காண்கின்றவன் முகத்தில் தோன்றுவதில்லை. "இங்கிருந்து பார்த்தபோது எவ்வளவு அழகாக இருந்தது, தெரியுமா?" என்று படம் பிடித்தவன் வாயால் விளக்கத் தொடங்குகின்றான். படம் பேச வேண்டிய இடத்தில் படம் பிடித்தவன் பேச நேர்ந்தால், அப்படத்தில் ஏதோ குறை உண்டு என்பது தெளிவு.

உயர்ந்த இடத்திற்குச் செல்லச் செல்லப் படமும் உயரும் என்பது இந்நாளில் பலருடைய கொள்கை. மலைமேல் ஏறுதல் போதாது என்று, ஆளில்லாமற் பறக்கும் டிரோன் என்னும் சிறு பொறியை வானில் ஏற்றிப் படம் பிடிப்போரும் பெருகிவிட்டனர். யான் அக்கொள்கையை உடன்படுவதில்லை. உயரம் நமக்கு ஒன்றைத் தருகின்றது. அதற்கு விலையாக மற்றொன்றை எடுத்துக்கொள்கின்றது. எடுத்துக்கொண்டது யாது என்று அறிந்து அதனை மீட்டுக் கொணர்பவனே நல்ல படம் பிடிக்கின்றான்.

நிழற்படக் கலையின் வரலாறே இதற்குச் சான்று. பிரெஞ்சு நாட்டில் நியெப்சு என்பவர் 1826-27ஆம் ஆண்டளவில் தம் வீட்டு மாடிச் சாளரத்திலிருந்து படப்பெட்டியால் ஒரு காட்சியைப் பதித்தார். இன்று எஞ்சியிருக்கும் படப்பெட்டிப் படங்களுள் அதுவே மிகப் பழமையானது. ஆகவே இக்கலை பிறந்த இடமே உயர்ந்த இடந்தான். அப்படத்தில் கூரைகளும் சுவர்களும் உண்டு. மனிதர் ஒருவரும் இல்லை. ஒளியைப் பதிக்கப் பல மணி நேரம் வேண்டியிருந்தது. அத்தனை நேரம் அசையாதிருக்கச் சுவரால் இயலும், மனிதரால் இயலுமோ?

பின்னர் 1838இல் தகேர் என்பவர் பாரிசு நகரத்துப் பெருவீதி ஒன்றை மேல்மாடியிலிருந்து படம் பிடித்தார். வண்டிகளும் மக்களும் நிறைந்திருந்த வீதி அது. ஆயினும் படத்தில் வீதி வெறிச்சோடிக் கிடக்கின்றது. பதிவதற்குச் சில நிமிடங்கள் ஆயினமையால் ஓடியவையும் நடந்தவையும் சுவடின்றி மறைந்தன. ஒரே ஒருவர் மட்டும் தப்பினார். அவர் வீதியோரத்தில் நின்று தம் காலணிக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தவர். நின்ற நிலையில் இருந்தமையால் அவர் உருவம் பதிந்துவிட்டது. நிழற்படத்தில் இடம்பெற்ற முதல் மனிதர்களுள் ஒருவராக அவரை எண்ணுகின்றனர். அவர் யார், எவ்வூரார் என்பதை ஒருவரும் அறியார். எனினும் அப்படத்தைக் காண்போர் கண் எத்துணை அழகிய மாளிகையிலும் தங்குவதில்லை. மூலையில் எறும்பளவாய் நிற்கும் அம்மனிதரைத் தேடியே செல்கின்றது.

1858இல் நதார் என்னும் பிரெஞ்சுக்காரர் காற்றுப்பந்தில் ஏறி வானிலிருந்தே படம் பிடித்தார். அப்படம் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. டிரோன் பறக்கவிடும் இளைஞர்க்கெல்லாம் அவரே பாட்டனார் என்று கூறலாம்.

இனி, நம் முன்னோர் வழியில் நின்று இதனை எண்ணிப் பார்ப்போம். தொல்காப்பியர் பாட்டிற்கு உரிய பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து மரமும் புள்ளும் விலங்கும் உணவும் தொழிலும் பிறவும் கருப்பொருள். அங்கு வாழும் மாந்தர் உள்ளத்து நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள். பாட்டில் முதற்பொருளினும் கருப்பொருளும், கருப்பொருளினும் உரிப்பொருளும் சிறந்து நிற்கும் என்பது அவர் முடிபு. அவர் வகுத்தது பாட்டிற்கே எனினும், நிழற்படத்திற்கும் அது பொருந்துவதை யான் என் அறிவுக்கு எட்டியவரை சோதித்துப் பார்த்திருக்கின்றேன்.

மலைமுடியில் நின்று படம் பிடிப்பவனுக்கு முதற்பொருள் கேளாமலே வந்து விழுகின்றது. நிலம் அகன்று கிடக்கின்றது. வானம் விரிந்து கிடக்கின்றது. கருப்பொருளோ சுருங்கிவிடுகின்றது. ஆலமரம் ஒரு பச்சைப் புள்ளி. மாடு ஒரு வெள்ளைப் புள்ளி. உழுகின்றவன் புள்ளியாகவும் தோன்றுவதில்லை. உரிப்பொருள் அறவே நீங்கிவிடுகின்றது. நிலம் மட்டும் உள்ள பாட்டைப் பாட்டென்று எந்தப் புலவரும் ஏற்றுக்கொள்ளார். நிலம் மட்டும் உள்ள படத்தை மட்டும் நாம் ஏன் சிறந்த படம் என்று போற்ற வேண்டும்?

இவ்வாறு பேசுகின்ற யானும் ஒரு காலத்தில் இத்தவற்றைச் செய்தவனே. 1994இல் எங்கள் பள்ளி மாணவர் நாற்பதின்மரைச் செஞ்சிக்கு அழைத்துச் சென்றோம். அப்போது நண்பர் ஒருவரிடம் படப்பெட்டி ஒன்றை இரவல் பெற்றிருந்தேன். ஒரு படச்சுருளில் 36 படங்களே பிடிக்க இயலும், ஒவ்வொன்றும் காசு. இருந்தும் பாறைப்பிளவின் மேலுள்ள பாலத்தைக் கடந்து முடியை அடைந்தவுடன் என் கை என் வயத்தில் இல்லை. நான்கு திசையையும் சுழன்று சுழன்று இருபதுக்கு மேற்பட்ட படங்களைப் பிடித்துத் தள்ளினேன். நண்பகல் வேளை; வெயில் நெருப்பாய்ப் பொழிந்தது. ஒரு வாரம் கழித்துப் படங்கள் கழுவி வந்தன. இருபதும் ஒன்றுபோலவே இருந்தன. மேற்பாதி வெளுத்த வானம். கீழ்ப்பாதி மங்கிய நிலம். நடுவே ஒரு கோடு. எது கிழக்கு, எது மேற்கு என்று எனக்கே விளங்கவில்லை.

எங்கள் பள்ளியில் அக்காலத்தில் ஓவிய ஆசிரியராக இருந்தவர் குறைவாகப் பேசும் இயல்பினர். அப்படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்கள் மலையின்மேல் நின்றதாக இப்படங்களில் ஓர் அடையாளமும் இல்லையே!" என்றார். எனக்கு முதலில் சினம் வந்தது. பின்னர் நாணம் வந்தது. அவர் சொன்னது முற்றும் உண்மை. என் காலடியில் இருந்த பாறையோ, கோட்டைச் சுவரின் விளிம்போ ஒரு படத்திலும் இல்லை. அருகே உள்ள பொருள் ஒன்றும் இல்லாதபோது தொலைவு தொலைவாகத் தோன்றுவது எங்ஙனம்? நம் கண் ஒன்றோடொன்றை ஒப்பிட்டே அளவை உணர்கின்றது. சுவரின் விளிம்பு ஒன்று கீழே தோன்றி, அதற்கு அப்பால் கல்யாண மகாலின் அடுக்குகள் சிறுத்துத் தோன்றினால், இடையே உள்ள ஆழம் தானே விளங்கும். காண்பவன் காலும் சற்றே கூசும்.

அவர் எனக்குக் கற்பித்த பாடத்தை மாணவர்களாகிய நீங்களும் வீட்டிலேயே பயிலலாம். அஞ்சலட்டை ஒன்றின் நடுவே நீள்சதுரமாக ஒரு துளை வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை மூடி, மற்றொரு கண்ணால் அத்துளை வழியே காட்சியை நோக்குங்கள். அட்டையை முகத்தருகே கொணர்ந்தால் உலகம் நிறைய நுழையும். தள்ளிப் பிடித்தால் சிறிதே நுழையும். படம் என்பது எதனைச் சேர்ப்பது என்பதன்று, எதனை விலக்குவது என்பதே என்று அப்போது உங்களுக்குப் புலனாகும். உயரத்தில் நிற்பவனுக்கு இவ்விலக்கும் திறன் மிகுதியாக வேண்டும். ஏனெனில் அங்கே காண்பது மிகுதி. வானில் முகிலின் அழகு ஒன்றும் இல்லையாயின் வானத்தை ஒரு விரலளவுக்குக் குறைத்துவிடலாம். முழுதும் விட்டுவிடினும் குற்றமில்லை. அடிவானக் கோட்டை நட்டநடுவில் வைத்தால் படம் இரண்டு துண்டாகி, நிலமும் வானும் ஒன்றோடொன்று பகைத்து நிற்கும். அக்கோடு சாய்ந்துபோவதோ அதனினும் கேடு; ஏரியின் நீர் படத்திலிருந்து வழிந்தோடிவிடுமோ என்று காண்பவன் அஞ்சுவான்!

இந்நாளைய கைப்பேசிகளில் அகன்ற காட்சியை அடக்கும் வில்லை ஒன்று இருக்கின்றது. மலைமேல் ஏறியவர் அதனையே முதலில் நாடுகின்றனர். அஃது அருகிலுள்ள பாறையைப் பெரிதாக்கித் தொலைவிலுள்ள மலையை எள்ளளவாக்கிவிடும். காட்சியில் எது உங்கள் உள்ளத்தைக் கவர்ந்ததோ, அதுவே படத்தில் காணாமற்போகும். அகல வில்லையை விடுத்து இயல்பான வில்லையால் நோக்கி, பத்தடி இப்புறமும் அப்புறமும் நடந்து பார்ப்பது நன்று. நடப்பதற்குச் சோம்புகின்றவன் நிலக்காட்சியைப் படம் பிடிக்கும் தொழிலை மேற்கொள்ளாதிருப்பதே நலம்.

முதற்பொருளில் நிலத்தோடு பொழுதையும் தொல்காப்பியர் சேர்த்தார் அல்லரோ? அதன் அருமை திருவண்ணாமலையில் எனக்கு விளங்கிற்று. கந்தாசிரமத்திற்குச் செல்லும் வழியில் உள்ள பாறையிலிருந்து அண்ணாமலையார் கோயிலை நோக்கினால் நான்கு பெருங்கோபுரங்களும் மதில்களும் திருச்சுற்றுகளும் வரைந்துவைத்த படம்போலத் தோன்றும். கோயிலுக்குள்ளே பன்முறை வலம் வந்தவர்க்கும் அதன் அமைப்பு அங்கிருந்து பார்த்தபோதுதான் விளங்கும். இஃது உயரம் நமக்குத் தரும் பெருங்கொடை என்பதை யான் மறுக்கவில்லை. ஆயின் அம்மலை கோயிலுக்கு மேற்கே இருப்பது. கதிரவன் எழும்போது ஒளி நம் முகத்தில் விழும். கோபுரங்கள் கரிய நிழலுருவாய் நிற்கும். மாலையிலோ கதிரவன் மலைக்குப் பின்னே சென்றுவிடுவான். மலையின் நிழல் மெல்ல நகர்ந்து கோயிலையும் ஊரையும் போர்த்துவிடும். காலை வேளையும் மாலை வேளையும் படத்திற்கு நல்லவை என்று நூலில் படித்துச் சென்றவன் அங்கே இருமுறையும் ஏமாறுவான். கதிரவன் சற்று மேலேறியபின், கோபுரத்துப் பாவைகள் ஒருபுறம் ஒளியும் ஒருபுறம் நிழலுமாகத் திரண்டு தோன்றும் நேரத்தை அவன் காத்திருந்தே அறிய வேண்டும். யான் மூன்றாம் முறை சென்றபோதுதான் அந்நேரத்தை அறிந்தேன். முதல் நாள் மழை பெய்து காற்றிலுள்ள புழுதி அடங்கியிருந்தது. மழைக்கு மறுநாள் போலத் தொலைக்காட்சி தெளிவாய்த் தோன்றும் நாள் வேறில்லை.

ஆனால் இவையெல்லாம் தொழில்நுட்பம். உரிப்பொருளுக்கு இவை வழிகாட்டுவதில்லை. அதற்கு எங்கள் பாகூர் ஏரிக்கரைக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகின்றேன்.

பாகூரைப் புதுவையின் நெற்களஞ்சியம் என்பர். ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் என்னும் பல்லவ மன்னன் காலத்தில் இங்கே கல்விச்சாலை ஒன்றிற்கு ஊர்கள் கொடையாக வழங்கப்பெற்றதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகின்றது. இவ்வூர் ஏரிக்குத் தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக நீர் வருகின்றது. கரையின் உயரம் பெரிதன்று. ஆயினும் அதன்மேல் ஏறி நில்லுங்கள். ஒருபுறம் நீர், மறுபுறம் அந்நீரால் விளையும் வயல். இடையே மதகு. மதகிலிருந்து வாய்க்கால், வாய்க்காலின் கடைசியில் ஊர். தரையில் நிற்பவனுக்கு ஏரி தெரியும்போது வயல் தெரிவதில்லை. வயல் தெரியும்போது ஏரி தெரிவதில்லை. கரைமேல் நிற்பவனுக்கே இரண்டும் ஒருசேரத் தெரிகின்றன. இதுவே உயரத்தின் பயன். எது எதனால் வாழ்கின்றது என்னும் உறவைக் காட்டுவதற்கு வேண்டிய உயரம் எவ்வளவோ, அவ்வளவே படத்திற்கு வேண்டிய உயரம். பாகூரில் அதற்கு ஏரிக்கரை போதும்.

கரையின் மற்றோர் அருமை யாதெனில், அங்கிருந்து நோக்கினால் மனிதர் மனிதராகவே தெரிகின்றனர். நாற்று நடும் மகளிர் குனிந்திருப்பதும், ஒருத்தி நிமிர்ந்து இடுப்பில் கைவைத்து நிற்பதும், வரப்பில் ஒருவன் நாற்றுமுடிகளைச் சுமந்து வருவதும் தெளிவாகத் தோன்றும். கரை படத்தின் ஒரு மூலையிலிருந்து வளைந்து சென்று கண்ணை உள்ளே அழைத்துச் செல்லும். அவ்வழியே ஒருவர் மிதிவண்டியில் வருவாராயின் பொறுத்திருங்கள். அவர் மிக அருகில் வந்துவிட்டால் படம் அவருடையதாகிவிடும். மிகத் தொலைவில் இருந்தால் படத்தில் அவர் இல்லை. இரண்டிற்கும் இடைப்பட்ட ஓரிடத்தில் அவரும் ஏரியும் வயலும் ஒரு குடும்பமாவர். அவ்விடத்தைக் கணக்கிட்டுச் சொல்ல யாராலும் இயலாது. கண் பழகினால் தெரியும். வில்லியனூரை அடுத்த ஊசுட்டேரிக் கரையிலும் இதனைப் பயிலலாம். அவ்வேரி 2008இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. ஆதலால் ஆங்கு மனிதரோடு நாரையும் உங்கள் படத்தில் நுழையக் காத்திருக்கும். அவற்றைக் கல்லெறிந்து பறக்கவிட்டுப் படம் பிடிக்கும் இழிசெயலை மட்டும் செய்யற்க.

உயரம் அடிக்கணக்கில் அளக்கப்படுவதன்று என்பதற்குப் புறநானூற்றில் ஒரு காட்சி உண்டு. பாரி வாழ்ந்த நாளில் அவன் மகளிர் பறம்பு மலையில் இருந்து, போருக்கு வந்து சூழ்ந்த வேந்தரின் குதிரைகளை எண்ணினராம். தந்தையை இழந்து மலையையும் இழந்தபின், அவர்கள் ஒரு சிற்றூரில், வீட்டருகே கிடந்த குப்பைமேட்டின்மேல் ஏறி நின்று, வழியே செல்லும் உமணரின் உப்புவண்டிகளை எண்ணுகின்றனர். அக்காட்சியைக் கண்டு கபிலர் நெஞ்சம் நொந்து பாடுகின்றார். மலையின் உயரம் எவ்வளவு? குப்பைமேட்டின் உயரம் எவ்வளவு? ஆயினும் அப்பாட்டைப் படித்தவர் நெஞ்சில் நிலைத்து நிற்பது குப்பைமேடே அன்றோ? மாணவர்க்கு இப்பாட்டை யான் கற்பித்த ஆண்டுகளிலெல்லாம், ஒரு சிலரேனும் கண்கலங்காமல் அவ்வகுப்பு முடிந்ததில்லை.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்து, சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீரும் சேர்ந்து தென்பெண்ணை கரைபுரண்டு பாகூர்ப் பகுதிச் சிற்றூர்களைச் சூழ்ந்தது. அந்நாட்களில் எங்களுக்கு இரண்டு படங்கள் கைப்பேசி வழியே வந்து சேர்ந்தன. ஒன்று வானிலிருந்து எடுத்தது. வெள்ளம் விடியற்கால ஒளியில் வெள்ளித்தகடு போல மின்னியது. தென்னைகள் அதன்மேல் வரிசையாக நின்றன. அதனை அனுப்பியவர் அடியில், "என்ன அழகு!" என்று எழுதியிருந்தார். அவர் தீயவர் அல்லர். அவர் படத்தில் துன்பம் இல்லை. ஆகவே அவருக்கும் அது தெரியவில்லை.

மற்றொன்று, எங்கள் தெருவில் உள்ள பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து எடுத்தது. பன்னிரண்டடி உயரமே இருக்கும். கைப்பிடிச் சுவரில் உலராத துணிகள் கிடந்தன. எதிர்வீட்டுத் திண்ணையை நீர் மூடியிருந்தது. திண்ணைக்கு மேற்படியில் ஒரு முதியவர் கன்றுக்குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். தெருவின் கோடியில் நீர் எவ்வழியே உள்ளே வந்தது என்பதும், வாய்க்காலின் கரை எங்கே உடைந்தது என்பதும் அப்படத்திலேயே தெரிந்தன. வெள்ளம் வடிந்தபின் இழப்பைக் கணக்கிட வந்த அலுவலர்க்கு ஊரார் காட்டியது இரண்டாவது படத்தைத்தான். வெள்ளித்தகட்டைக் காட்டி எவரும் நிவாரணம் கேட்க இயலாது. அம்மாணவனுக்குப் படக்கலை தெரியும் என்று யான் சொல்ல வரவில்லை. அவனுக்கு அம்முதியவரைத் தெரியும், அது போதுமானதாயிற்று.

டிரோனைப் பழிப்பது என் நோக்கமன்று. ஏரியின் கரை எங்கே ஆக்கிரமிக்கப்பட்டது, வாய்க்கால் எங்கே தூர்ந்தது என்று காட்டுவதற்கு அதனினும் சிறந்த கருவி இல்லை. ஆயினும் அதனைப் பறக்கவிடுவதற்கு 2021ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிகள் உள்ளன. தடைசெய்யப்பட்ட இடங்களும் உள்ளன. சட்டத்தினும் முற்பட்டது பண்பாடு. ஆற்றுப் பாலத்தின்மேல் நின்று, கீழே நீராடும் பெண்டிரைப் படம் பிடித்த ஓர் இளைஞனை யான் ஒருமுறை கண்டேன். "ஐயா, யான் ஆற்றைத்தான் எடுத்தேன்" என்றான். ஆறு மட்டும் உள்ள இடம் நூறு அடி தள்ளி இருந்தது. உயரத்தில் நிற்பவனைக் கீழே உள்ளவர் காண்பதில்லை; ஆகவே அவர்கள் இசைவைக் கேட்க வாய்ப்பும் இல்லை. அவர்கள் வாயால் சொல்ல இயலாததை நம் நெஞ்சே சொல்ல வேண்டியிருக்கின்றது. கோபுரத்தின் நிலைகளில் ஏறியோ, மதில் விளிம்பில் முதுகு காட்டி நின்று பின்னோக்கி அடிவைத்தோ தம்மைத் தாமே படம் பிடிப்பவர்களைப் பற்றி யான் எழுதவேண்டியதில்லை, நாளேடுகள் எழுதுகின்றன.

செஞ்சியில் பிடித்த படச்சுருளில் இருபது படங்கள் வீணாயின என்றேன் அன்றோ? ஒன்று மட்டும் வீணாகவில்லை. மலையேறும்போது பாதி வழியில், படிகள் திரும்பும் ஓரிடத்தில் மூச்சு வாங்க நின்றோம். அங்கே பாறை நிழலில் மூதாட்டி ஒருத்தி மோர்ப்பானையை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். என் மாணவன் ஒருவன் குவளையை இருகையாலும் ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தான். இருவர்க்கும் பின்னே, மிகத் தாழ்வில், கல்யாண மகாலும் அதற்கு அப்பால் வயல்களும் தோன்றின. யான் பெரிதாக எண்ணிப் பார்த்து அப்படத்தைப் பிடிக்கவில்லை. படப்பெட்டி வேலை செய்கின்றதா என்று பார்ப்பதற்கே விசையை அழுத்தினேன்.

அப்படம் இன்றும் என் வீட்டுச் சுவரில் உள்ளது. செஞ்சிக் கோட்டை 2025இல் மராத்தியர் கோட்டைகளோடு உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோது, அதனைக் காணப் பலர் வந்தனர். கோட்டையின் உயரத்தைப் பற்றி வினவியவர் ஓரிருவரே. மற்றெல்லாரும் அம்மூதாட்டி யார் என்று வினவினர். இரண்டு குவளை மோர் வாங்கிக் குடித்த யான், அன்று அவள் பெயரைக் கேட்கவில்லை.